நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல்

தங்கச்சாமியின் பேரன் சோலைராஜுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் பள்ளியிலேயே வேகமாக வாசிக்கிற பிள்ளை என்று பெயர் வாங்கியவனும் அவன்தான். இது எப்படி முடியும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பள்ளியில் ஒரு வாரம் வேலை பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

முதலில் தங்கச்சாமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற முதலாளி. ஓர் அங்குலத் துணியில் எத்தனை நூல் ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்க அந்தத் தொழிலில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருப்பார்கள். இவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரரின் வேட்டியில் அதை வைத்துப் பார்க்கிற ஆள். நூல் எண்ணிக்கை சரியாக இருந்தால் நல்ல துணி. குறைந்தாலோ கறை விழுந்தாலோ தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டதற்குச் செகண்ட்ஸ் என்று பெயர். மனிதரின் மொத்த ஞானமும் இவ்வளவுதான். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில் ஒரு பள்ளிக்கூடம் கட்டி, தாளாளர் என்று தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். நான் அங்கே இரண்டாம் வகுப்பு ஆசிரியை, ஹெப்சிபா. பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வேலையை எனக்குத் தெரிந்த வகையில் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஜெபின் வருகிற வரைக்கும்.

ஜெபினுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் அலுவலகம். வாசிப்புத் தரநிலை ஆலோசகர் என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தார். அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினார், அதற்கும் முன்னால் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்றார். அதில் எனக்கு ஒன்றும் குறையில்லை, மனிதன் பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கு ஓர் எழுத்துக்கூடச் சொல்லிக்கொடுத்திராத ஆள், எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களை வரிசையாக உட்காரவைத்து வகுப்பெடுத்ததைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அரசாங்கம் சிறு வகுப்புகளுக்கு வாசிப்புத் தரநிலை வைத்திருக்கிறது, அதற்குத் தகுந்தபடி நம் பாடங்களைப் பொருத்தப்போகிறோம் என்றார். நல்ல காரியம்தானே என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை, முன்பு பார்த்திராத ஒரு பத்தியைப் பொருள் புரிந்து சரளமாக வாசிக்க வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தாளிலேயே அச்சடித்திருந்தது. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அதை எழுதியவர் யாரோ, ஒரு பிள்ளையையாவது கிட்டத்தில் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஜெபின் அதை எடுத்து எங்களுக்குப் போட்டுத் தந்த பெரிய லேமினேட் அட்டையில், முன்பு பார்த்திராத என்பது காணாமல் போயிருந்தது. பொருள் புரிந்து என்பதும் காணாமல் போயிருந்தது. வாசித்தல், நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சொல் என்பது மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. நான் எழுந்து கேட்டேன். அவர் சிரித்த முகம் மாறாமல், "அதை அளக்க முடியாதுல்ல டீச்சர்?" என்றார். தங்கச்சாமி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அங்குலத்துக்கு இத்தனை நூல் என்பதைப்போல நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று ஒன்று கிடைத்ததில் அவருக்கு வாயெல்லாம் பல்.

அதற்கப்புறம் நடந்ததை வாசிப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. பாடப் புத்தகத்தில் ஆறு பாடங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். அதையே தினமும் வாசிக்க வேண்டும். செல்போனில் கடிகாரத்தைத் தட்டிவிட்டு, ஒரு நிமிடம் ஆனதும் எத்தனை சொல் என்று அதிலேயே பதிய வேண்டும். ஜெபின் வருவதற்கு முன்னால் ஆட்டுக்குட்டிப் பாடம் நடத்தினால் என் வகுப்பில் சண்டை வரும். ஆட்டுக்குட்டி நரியிடம் பொய் சொன்னது சரியா தப்பா என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பேசவிடாமல் பேசுவார்கள். அந்தச் சண்டைக்கு அட்டையில் எண் கிடையாது. அதனால் அது நேர விரயம் ஆகிவிட்டது. பெற்றோர்கள் மட்டும் லேசுப்பட்டவர்களா? பிள்ளைக்கு என்ன புரிந்தது என்று ஒருத்தர் கேட்கவில்லை. எண்ணை வாங்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டு வாங்கிய பிள்ளையின் அம்மா நாற்பத்தெட்டு வாங்கிய பிள்ளையின் அம்மாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தைந்தைத் தொடாத பிள்ளைகளைக் கடைசிப் பீரியடில் பழைய சைக்கிள் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கும் தங்கச்சாமியே பெயர் வைத்தார், செகண்ட்ஸ். ஆயாக்கள் முதற்கொண்டு அப்படியே கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளைகளை வேறு யாரும் ஏற்கவில்லை என்பதால் என் தலையில் கட்டினார்கள். எனக்கு அது பெரிய உபகாரம். ஷெட்டுப் பிள்ளைகளின் எண் பள்ளியின் சராசரியில் சேராது என்பதால் ஜெபின் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே மாட்டார். கடிகாரம் கிடையாது, அட்டை கிடையாது. ஷெரின் என்று ஒரு பிள்ளை ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரல் வைத்து ஒரு வரியை முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். ஆனால் முடித்ததும் தலையைத் தூக்கி, அந்த நரிக்கு அம்மா இல்லையா டீச்சர் என்று கேட்பாள். அவள் வாசிக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை.

சோலைராஜ் ஷெட்டுக்கு வரவேண்டியவன் என்பது ஓர் எறும்பால்தான் தெரியவந்தது. காலையில் என் வகுப்பில் அவன் ஆட்டுக்குட்டிப் பாடத்தை மடமடவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் படத்தின் மேல் ஒரு கட்டெறும்பு ஊர்ந்தது. பிள்ளையைக் கடித்துவிடக் கூடாதே என்று நான் உள்ளங்கையை வைத்து மறித்தேன். அவன் நின்றுவிட்டான். எழுத்தெல்லாம் அப்படியே வெளியே தெரிந்துகொண்டுதான் இருந்தது, படம் மட்டும் என் கைக்கு அடியில் இருந்தது. வாசி என்றேன். கையை எடுக்கச் சொன்னான். படம் இல்லாத ஒரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மரியாதையாகச் சிரித்துவிட்டு, இது எந்தப் பாடம் டீச்சர் என்று கேட்டான். பெயரைச் சொன்னால் அதையும் ஒப்பித்திருப்பான். தனியாக எழுதிக் காட்டினால் ம எது, ப எது என்று தெரியவில்லை. ஆனால் படத்தைக் காட்டினால் ஆறு பாடமும் ஒரு சொல் பிசகாமல் வரும், ஏற்ற இறக்கத்தோடு வரும். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை ஏமாந்துகொண்டிருக்கிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஜெபினிடம் சொன்னேன். அவர் போனை எடுத்துச் சோலைராஜின் வரைபடக் கோட்டைக் காட்டினார். பச்சைக் கலரில் மேலே மேலே ஏறிப் போயிருந்தது. தொண்ணூறைத் தாண்டிவிட்டான், மாவட்டத்திலேயே இப்படி ஒரு பிள்ளை இருக்காது, டேட்டா பொய் சொல்லாது என்றார். படத்தை மறைத்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்றேன். படத்தை மறைக்க வேண்டும் என்று தரநிலையில் இல்லையே என்று பதில் வந்தது. இந்த ஆளிடம் இனி வாயைக் கொடுக்கக் கூடாது என்று வந்துவிட்டேன்.

சாயங்காலம் பையனைக் கூப்பிட அவன் அம்மா அனுசியா வந்தபோது அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பாடத்தை அவள்தான் தினமும் பையனுக்குத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டியிருக்கிறாள், அவன் வாயில் ஏறுகிற வரைக்கும். ஆரம்பத்தில் சும்மா ஓர் உதவியாகத்தான் செய்திருக்கிறாள். எண் ஏற ஏற, மாமனார் பேரனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஆட, நிறுத்த வழியில்லாமல் போய்விட்டது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் சின்ன வயதில் படிப்பில் மட்டம் என்று தங்கச்சாமி அவரை மலைமேல் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவைதான் வீடு. அந்த மனிதர் இன்றைக்கும் அப்பா முன்னால் வாய் திறக்க மாட்டார், குடோனிலேயே பொழுதைக் கழிப்பார். பேரனும் அப்படி ஆனால் அவனுக்கும் அதே ஹாஸ்டல்தான் என்று தங்கச்சாமி சாப்பிடும்போது இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். விளையாட்டாகச் சொல்கிற ஆள் அவர் இல்லை.

மூன்றாம் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுத்துதான் இருக்கும், ஆறு பாடத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் பிள்ளை எல்லார் முன்னாலும் அம்பலப்பட்டுப் போவான் என்று அவளிடம் சொன்னேன். இப்போதே என்னிடம் ஷெட்டுக்கு விட்டால் பரீட்சை லீவுக்குள் எழுத்துக் கூட்ட வைத்துவிடலாம். அவன் ஷெட்டுக்கு வர வேண்டுமானால் தங்கச்சாமிக்குத் தெரிந்தாக வேண்டும். நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று நேராகவே கேட்டேன்.

"நீங்க சொல்லிராதீக டீச்சர். அந்த சர்ட்டிபிகேட் வாங்குறது முடியட்டும். பொறவு நானே மாமாட்ட சொல்லுதேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது. சரி என்றேன். அவள் சொல்வாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஊருக்கே பேண்டேஜ் துணி நெய்கிற வீட்டில் இந்த ஒரு பிள்ளையின் காயத்தைத் திறந்து பார்க்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அந்தச் சர்ட்டிபிகேட் ஜெபினின் ஏற்பாடு. பள்ளிகளுக்கு வாசிப்புத் தரச் சான்று தருகிற ஏதோ ஒரு தனியார் அமைப்பு மதுரையில் இருந்தது. அங்கேயிருந்து ஓர் அம்மாள் வந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுவிட்டுச் சான்று கொடுப்பார். அதைப் பள்ளி வாசலில் பெரிதாக மாட்டிக்கொள்ளலாம். இந்தச் செய்தி கேட்டதிலிருந்து தங்கச்சாமிக்கு ஃபாக்டரி ஞாபகம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பார்ட்டி சரக்குப் பார்க்க வருகிறது என்றால் அவர் ஒரு காரியம் செய்வார், ராஜபாளையத்தில் அது எல்லாருக்கும் தெரியும். நல்ல ரோல்களைப் பெட்டிகளின் மேல்வரிசையில் அடுக்கிவிட்டு, செகண்ட்ஸ் மொத்தத்தையும் லாரியில் ஏற்றி வேறு குடோனுக்கு அனுப்பிவிடுவார். பார்ட்டி போனதும் லாரி திரும்பி வரும். அதே மூளை இங்கேயும் வேலை செய்தது. மதுரை அம்மாள் வருகிற அன்றைக்கு ஷெட்டுப் பிள்ளைகள் எல்லாரையும் ஸ்கூல் வேனில் ஏற்றிப் பிளவக்கல் அணைக்குச் சுற்றுலா அனுப்புவது என்று முடிவாயிற்று. புளியோதரை, தயிர்சாதம், ஆளுக்கு ஒரு தொப்பி.

பிள்ளைகளைப் பள்ளியை விட்டு ஒளித்துவைப்பதற்குத் தொப்பியா என்று ஆசிரியர்கள் அறையில் கேட்டேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பெற்றோர்கள் இலவசச் சுற்றுலா என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வகுப்பில் சொன்னபோது ஷெட்டுப் பிள்ளைகள் குதித்தார்கள். மற்றவர்கள் எங்களை ஏன் கூட்டிப்போகவில்லை என்று கேட்டார்கள். தங்கச்சாமி நேரில் வந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் டேம், நீங்களெல்லாம் கெட்டிக்காரர்கள் அல்லவா, நீங்கள் மேடையில் இருக்க வேண்டும் என்று சமாதானம் சொன்னார். சோலைராஜ் முன்வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் காலையில் வேன் கிளம்பியதும் ஆடிட்டோரியத்தை அலங்காரம் செய்தார்கள். வாடகைக்கு ஆளுயர ஃபேன் இரண்டு எடுத்து மேடையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். பெற்றோர்கள் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். மதுரை அம்மாளின் பெயர் பரிபூரணம். வந்ததும் வெயிலைப் பற்றிப் பேசினார், ஆண்டாள் கோயிலுக்குப் போக நேரம் கிடைக்குமா என்று கேட்டார், ஜெபின் கொடுத்த பால்கோவாவை இரண்டு தடவை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கொண்டுவந்திருந்த மதிப்பீட்டுத் தாளில் வேகத்துக்கு ஒரு கட்டமும் பொருள் புரிதலுக்கு ஒரு கட்டமும் இருப்பதைப் பார்த்தேன். பரவாயில்லையே, இவராவது கேட்பார் என்று ஒரு சின்ன ஆசை வந்தது.

மேல்வரிசை ரோல் சோலைராஜ்தான். மேடையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, முன்னால் ஸ்டாண்டில் புத்தகத்தை விரித்து வைத்தார்கள். ஆட்டுக்குட்டிப் பாடம். தங்கச்சாமி பேரனுக்குப் பின்னால் ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஜெபின் போனைத் தூக்கிப் பிடித்தார். பரிபூரணம் பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மேடைப் படியில் நின்றேன். அனுசியா பெற்றோர்களின் முதல் வரிசையில் இருந்தாள்.

பையன் ஆரம்பித்தான். குரல் கணீரென்று இருந்தது. நரி வரும்போது குரலைத் தடிப்பாக்கினான், ஆட்டுக்குட்டிக்கு மெலிதாக்கினான். பெற்றோர்கள் அப்போதே சொக்கிப் போய்விட்டார்கள். பாதியில் யாரோ வியர்க்கிறது என்று ஃபேனைக் கூட்டி வைத்தார்கள். காற்று புத்தகத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. பக்கங்கள் படபடவென்று புரண்டு, சந்தைப் பாடத்தில் போய் நின்றன. தராசும் கத்தரிக்காயும் படம் போட்ட பக்கம். ஆட்டுக்குட்டியும் கிடையாது, நரியும் கிடையாது. படத்தை மறைத்தபோது நின்றுபோன சோலைராஜ் இந்தத் தடவை நிற்கவில்லை, மேடைக்காக அனுசியா அவ்வளவு ஒப்பிக்க வைத்திருக்க வேண்டும். கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டே நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிய கதையைக் கணீரென்று சொல்லிக்கொண்டு போனான்.

பின்னால் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஜெபினுக்கும் தெரியாது, அவர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அனுசியா பார்த்தாள், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். நாற்காலியைப் பிடித்திருந்த தங்கச்சாமியின் கை இறுகியதைப் பார்த்தேன், அவருக்கும் தெரிந்துவிட்டது. பரிபூரணத்துக்கும் தெரிந்துவிட்டது. அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? பையன் பேச்சு நிற்காதபடி, சத்தமில்லாமல் கையை நீட்டிப் பக்கங்களைத் திருப்பி, மறுபடியும் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்கத் தன் கைப்பையையும் ஓரத்தில் வைத்தார். ஒரு நிமிடம் முடிந்ததும் ஜெபின் தொண்ணூற்றாறு என்று கத்தினார். பரிபூரணம் அதை எழுதிக்கொண்டார்.

அப்புறம் பொருள் புரிதல் கட்டத்துக்கு வந்தார். கதை பிடித்திருக்கிறதா கண்ணா என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றான். டிக் அடித்தார். என் ஆசை அத்தோடு முடிந்தது. இந்த அம்மாள் தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். தெரிந்து, அழகாக, பழக்கப்பட்ட கையோடு செய்தார். எத்தனை ஊரில் எத்தனை பக்கங்களைத் திருப்பி வைத்தாரோ.

கைதட்டல் ஓயாத நேரத்தில் தங்கச்சாமி படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். முகம் வெளுத்திருந்தது. எப்போதிலிருந்து இப்படி, என்ன செய்யலாம், பிள்ளைக்கு என்ன ஆயிற்று, இப்படி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"டீச்சரம்மா, பின்னால இருந்தவுக யாரும் பாக்கலைல்ல?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் அதையே நல்ல பதிலாக எடுத்துக்கொண்டு மேடைக்குத் திரும்பிப் போனார். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தயாராக வந்திருந்த சான்றிதழைப் பரிபூரணம் அவர் கையில் கொடுத்தார். ஃபோட்டோ எடுத்தார்கள். பேரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இன்னொரு ஃபோட்டோ எடுத்தார்கள். அனுசியாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள், அவள் தலைவலி என்று வரவில்லை. இனி இவள் எங்கே சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். தொண்ணூற்றாறு என்று ஊரெல்லாம் பரவிய பிறகு அந்த எண்ணை யாரால் கீழே இறக்க முடியும்? ஜூன் மாதம் மூன்றாம் வகுப்பு, அதற்கடுத்து மலைமேல் ஹாஸ்டல். பிள்ளையின் வழி முழுவதும் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

விருந்து முடிந்து எல்லாரும் போர்ட்டிகோவில் நின்றார்கள். பரிபூரணம் கார் ஏறப்போகிற நேரம், தங்கச்சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார், பெற்றோர்கள் சுற்றி நின்று சோலைராஜின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்போது கேட்டுக்குள் வேன் வந்து நின்றது. செகண்ட்ஸ் இரண்டு மணி நேரம் முன்னாலேயே திரும்பிவிட்டது. கூடப்போன ஆசிரியை ஏதோ தலைசுற்றல் என்று சீக்கிரம் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறார். தங்கச்சாமிக்கு முகம் சுண்டிப் போயிற்று. லாரியை இப்படி நேரம் கெட்ட நேரத்தில் திரும்பவிட்ட டிரைவரை அவர் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

பிள்ளைகள் தொப்பியும் ஈரப் பாவாடையுமாகக் குதித்து இறங்கினார்கள். ஒருத்தர் பேச்சை ஒருத்தர் விடவில்லை. தண்ணீர் வெள்ளையாகக் கொட்டியதாம். மலையில் பூனை அளவுக்கு ஓர் அணிலைப் பார்த்தார்களாம், வால் அதைவிடப் பெரிதாம். ஷெரின் கையை விரித்து வாலின் நீளத்தைக் காட்டினாள். சோலைராஜ் பெற்றோர்களின் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தான். ஷெரினின் கையையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு கோணியது. அப்புறம் தாத்தாவைப் பார்த்துத் திரும்பி, மேடையில் நரிக்கு எடுத்த அதே குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குத்தான டேம்னு சொன்னீக. எனக்கும்தான் வாசிக்கத் தெரியாது. என்னைய ஏன் தாத்தா அனுப்பல?"

கார்க் கதவில் கைவைத்திருந்த பரிபூரணம் அப்படியே நின்றார். தங்கச்சாமிதான் முதலில் சிரித்தார், வயிறு குலுங்கச் சிரித்தார். டேமுக்குப் போக ஆசை வந்ததும் பயல் என்ன சாமர்த்தியமாகப் பேசுகிறான் பாருங்கள் என்றார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. தொண்ணூற்றாறு வாசிக்கிறவன் வாசிக்கத் தெரியாது என்கிறானே என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிச் சிரித்தார். பரிபூரணமும் சிரித்தார். ஜெபின் கையைத் தட்டினார். நான் அந்தப் பள்ளியில் பார்த்ததிலேயே கேவலமான காட்சி அதுதான். ஒரு பிள்ளை தன் வாயால் உண்மையைச் சொல்கிறது, படித்த பெரியவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதைச் சிரித்து அமுக்குகிறார்கள். சோலைராஜுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. நிஜமாகவே தெரியாது, படம் இருந்தால்தான் தெரியும் என்று அழாத குறையாகச் சொன்னான். இன்னும் சிரித்தார்கள்.

அனுசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தோளில் பையனின் புத்தகப் பை தொங்கியது. மாமனார் முன்னால் வந்து நின்றாள். அவர் முன்னால் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"சிரிக்காதீக மாமா. பிள்ளை வெளையாடல. அவனுக்கு ஒரு எழுத்து தெரியாது. அம்புட்டையும் நாந்தான் வாசிச்சுக் காட்டி மனப்பாடம் பண்ண வச்சேன்" என்றாள்.

சிரிப்பு அங்கங்கே அறுந்து நின்றது. வீட்டில் பேசிக்கொள்ளலாம் போ என்று தங்கச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் போகவில்லை. ஹாஸ்டல் என்ற பேச்சை இனி எடுக்கக் கூடாது, எடுத்தால் பையனைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், அவன் அப்பாவுக்கு நடந்தது அவனுக்கு நடக்க விடமாட்டேன் என்றாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை மெதுவாகப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். அவரவர் பிள்ளையின் எண் அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பரிபூரணத்தின் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

தங்கச்சாமி மருமகளைப் பார்த்தார். ஈர மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டிருந்த பேரனைப் பார்த்தார். எனக்கு ஒரு கணம் தோன்றியது, மனிதர் இப்போது குனிந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்வார் என்று. எத்தனை தடவை பட்டாலும் எனக்குப் புத்தி வருவதில்லை. அவர் ஜெபின் பக்கம் திரும்பினார். கார் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஏலே, குடுத்த சர்ட்டிபிகேட்டத் திருப்பிக் கேக்க மாட்டாகள்ல?" என்றார்.

மாட்டார்கள் சார், எண் பதிவில் ஏறிவிட்டது என்று ஜெபின் சொன்னார். அனுசியா இரண்டையும் கேட்டாள். அவள் முகத்தில் இருந்த பயம் அப்போதுதான் முழுதாகப் போயிற்று என்று நினைக்கிறேன். பயப்படுவதற்கு அங்கே ஒரு பெரிய மனிதர் இல்லை என்று தெரிந்துவிட்டது. தோளிலிருந்து பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பையனின் முதுகில் கைவைத்து என் பக்கம் தள்ளினாள்.

"கடைசிப் பீரியடு இன்னும் இருக்குல்ல டீச்சர்? இன்னைக்கே ஆரம்பிச்சிருங்க" என்றாள்.

நான் அவனையும் ஷெரினையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லார் கண் முன்னாலும் ஷெட்டுக்கு நடந்தேன்.